குண்டு முழக்கமும் ஆறு மணி நேரமும்

2021 மார்ச் 22ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரத்துக் கிங் சூப்பர்ஸ் பலசரக்கு அங்காடிக்குத் துப்பாக்கியோடு வந்த ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். தகவல் கிடைத்ததும் முதல் ஆளாக அங்கே போய்ச் சேர்ந்த காவலர் எரிக் டாலி அந்தப் பத்துப் பேரில் ஒருவர். கணினித் துறை வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் காவல்துறைக்கு வந்தவர். இறக்கும்போது வயது 51, பிள்ளைகள் ஏழு பேர். பணியில் உயிரிழக்கும் காவலருக்கு அந்த நாட்டில் செய்யும் மரியாதைகள் விரிவானவை. ரோந்து வண்டிகளின் நீண்ட ஊர்வலம், கொடி போர்த்திய பெட்டி, அந்தக் கொடியை மடித்து மனைவியிடம் கொடுப்பது, கடைசியாக வயர்லெஸ்ஸில் அவரை அழைத்து, பதில் வராத அழைப்போடு அவருடைய பணி முடிந்தது என்று அறிவிப்பது. டாலியின் விஷயத்தில் இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. அவருடைய கருவிழிகள் தானமாகப் பெறப்பட்டு இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டதாகக் குடும்பத்துக்குச் செய்தி வந்தது.

இப்படிப்பட்ட செய்திகளை இதழ்கள் வழக்கமாக ஒரே தொனியில்தான் எழுதுகின்றன: வாழும்போது காப்பாற்றினார், இறந்தும் காப்பாற்றுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுடுகிறவனை நோக்கிப் போனதும் கருவிழி கொடுத்ததும் ஒரே செயலின் இரண்டு பாதிகள் அல்ல. முன்னது ஒரு மனிதர் நொடியில் எடுத்த முடிவு. பின்னது அவர் என்றோ தெரிவித்த விருப்பமும், அழுதுகொண்டிருக்கும் வீட்டாரின் ஒப்புதலும், மரண விசாரணை அதிகாரியின் அனுமதியும், கண் வங்கிப் பணியாளரின் கையும் சில மணி நேரத்துக்குள் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே நடக்கிற காரியம். ஒருவரோ இருவரோ சுணங்கினாலும் அது நடக்காது. நடக்காமல் போனது யாருக்கும் தெரியவும் வராது. ஆகவே, பணியில் இறந்து திசுக்கொடையாளராகவும் ஆன ஒரு காவலரை எப்படி மதிப்பது என்ற கேள்விக்கு அணிவகுப்பு பாதி விடைதான். மீதிப் பாதி காவல்துறையின் கோப்புகளுக்குள் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஏனென்றால் இயற்கையல்லாத மரணம் எதுவானாலும், அந்த உடலில் யார் எப்போது கை வைக்கலாம் என்பதில் காவல்துறைக்கு முதல் சொல் உண்டு.

வாதத்துக்குப் போகுமுன் உறுப்புக்கும் திசுவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்; நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. இதயம், ஈரல், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவை ரத்த ஓட்டம் நின்றால் விரைவில் கெட்டுவிடும். அதனால்தான் அவற்றைப் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்து, செயற்கை சுவாசத்தில் இதயம் துடித்துக்கொண்டிருப்பவரிடமிருந்து எடுக்கிறார்கள். இதயம் நின்றபின் எடுக்கும் முறையும் உண்டு. ஆனால் அது தீவிர சிகிச்சைப் பிரிவில் திட்டமிட்டு நடப்பது. கருவிழி, தோல், எலும்பு, தசைநாண், இதய வால்வு போன்ற திசுக்களின் கணக்கு வேறு. இதயம் நின்ற பிறகும் சில மணி நேரம் அவை பயன்படும் நிலையில் இருக்கும். இந்தியாவில் கருவிழிக்கும் தோலுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை ஆறு மணி நேரம். உடலை உரிய நேரத்தில் குளிரூட்டினால் 24 மணி நேரம் வரை சில திசுக்களை எடுக்க அமெரிக்க நெறிமுறைகள் இடம் தருகின்றன. கிளிசராலில் பதப்படுத்திய தோல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இங்கேதான் காவலரின் மரணம் பொருளுக்கு வருகிறது. குண்டடி பட்டோ வெட்டுப்பட்டோ லாரி மோதியோ இறக்கும் காவலர் பெரும்பாலும் அந்த இடத்திலோ ஆம்புலன்ஸிலோ உயிர்விட்டுவிடுகிறார். உறுப்புக்கொடை அவருக்குக் கைகூடாது. அவரால் கொடுக்க முடிவது திசு மட்டுமே.

அந்த ஆறு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியது என்ன? மின்விசிறியை நிறுத்துகிறார்கள், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்கிறார்கள், தலையைத் தலையணையில் சற்று உயர்த்துகிறார்கள். கண் வங்கியிலிருந்து வருகிறவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, தொற்றுநோய்ச் சோதனைக்கு ரத்தம் எடுத்து, அயோடின் கரைசலால் கண்ணைச் சுற்றித் துடைக்கிறார். முன்பெல்லாம் விழியை முழுதாக எடுத்தார்கள். இப்போது பல இடங்களில் கருவிழியை மட்டும், அதைச் சுற்றி வெண்படலத்தில் சில மில்லிமீட்டர் விளிம்போடு வெட்டி எடுத்து, இளஞ்சிவப்புக் கரைசல் நிரம்பிய சிறு குப்பியில் இறக்குகிறார்கள். எடுத்த இடத்தில் ஒரு மூடி வைத்து இமையை மூடினால், முகத்தைப் பார்க்க வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வேலை இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். சாதாரணக் கரைசலில் கருவிழி நான்கு நாள் தாங்கும். மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசால் போன்ற கரைசலில் பதினான்கு நாள் வரை வைத்திருக்கலாம். கருவிழியில் ரத்தக் குழாய்கள் இல்லாததால் ரத்த வகை பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1905 டிசம்பரில் ஓலோமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் செய்த முதல் வெற்றிகரமான கருவிழி மாற்று, சுண்ணாம்பு பட்டுக் கண்ணிழந்த ஒரு தொழிலாளிக்குப் பார்வை தந்தது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னையில், எழும்பூர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா முயற்சியில் உருவானது. நுட்பம் புதிதல்ல, நமக்கு அந்நியமும் அல்ல. தடையாக இருப்பது நேரம்.

கொடையாளர்களுக்குத் தரும் மரியாதைகளைப் பார்த்தால் அவை பெரும்பாலும் உறுப்புக்கொடையை மனத்தில் வைத்து அமைந்தவை. அமெரிக்க மருத்துவமனைகளில் சில ஆண்டுகளாகப் பரவியிருக்கும் ஒரு வழக்கம், கொடையாளரைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும்போது ஊழியர்கள் தாழ்வாரத்தின் இருபுறமும் நின்று மௌனமாக வழியனுப்புவது. இதயம் துடிக்கும் கொடையாளர் போகிற பாதை அது. பிணவறையில் கருவிழி கொடுப்பவருக்குப் பெரும்பாலும் அந்தத் தாழ்வாரம் வாய்ப்பதில்லை. விதிவிலக்காக நான் மதிப்பது பசடேனா நகரில் புத்தாண்டன்று நடக்கும் ரோஜா அணிவகுப்பில் 2004 முதல் வரும் கொடையாளர் ஊர்தியை. அதில் இறந்த கொடையாளர்களின் முகங்களை விதைகள், மசாலாப் பொருள்கள், இதழ்கள், காப்பித்தூள் கொண்டு வரைகிறார்கள். ஊர்தியில் கண்ணுக்குத் தெரியும் பரப்பெல்லாம் தாவரப் பொருளாகவே இருக்க வேண்டும் என்பது அந்த அணிவகுப்பின் விதி. படத்தைக் கலைஞர்கள் முடித்தபின் புருவத்தை மட்டும் விட்டுவைத்து, அதை வீட்டார் கையால் நிரப்பச் சொல்வது வழக்கம். உறுப்புக்கொடையாளர், திசுக்கொடையாளர் என்ற பேதம் அந்த ஊர்தியில் இல்லை. காவலரும் பள்ளிக்குழந்தையும் அருகருகே இருப்பார்கள்.

தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 23ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், உறுப்புக்கொடை தந்து இறப்பவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஒடிசாவும் அவ்வாறே செய்தது. ஊருக்குள் மாவட்ட அதிகாரிகள் மலர்வளையத்தோடு வந்து நிற்பது, அதுவரை காது படப் பேசிய சொந்தக்காரர்களின் வாயை அடைக்கும் என்பதை மறுக்க முடியாது. "அறுத்துக் கொடுத்துட்டாங்க" என்ற பேச்சுக்கு ஆட்சியர் வருகையைவிடப் பெரிய பதில் கிராமத்தில் வேறு இல்லை. ஆனாலும் நடைமுறையில் இந்த மரியாதை மூளைச்சாவுக் கொடையாளர்களைச் சுற்றியே நிகழ்கிறது. கண்ணோ தோலோ கொடுத்தவர் வீட்டுக்கு ஒரு சான்றிதழ் வந்தால் பெரிது. பணியில் இறந்த காவலர் வீட்டில் குண்டுகள் முழங்கும். ஆனால் அது அவர் இறந்த விதத்துக்குத் தரப்படும் மரியாதை, கொடைக்கல்ல.

மரியாதை கொடையைப் பெருக்குமா? இதற்குக் கர்நாடகம் நல்ல சான்று. 2021 அக்டோபர் 29ஆம் தேதி நடிகர் புனீத் ராஜ்குமார் இறந்தபோது அவருடைய கண்கள் தானமாகத் தரப்பட்டன. கருவிழிகளைப் படலம் படலமாகப் பிரித்துப் பொருத்தும் முறையில் பெங்களூரு நாராயண நேத்ராலயாவில் நால்வர் பார்வை பெற்றனர். அதைத் தொடர்ந்து கண்தான உறுதிமொழி எழுதிக்கொடுக்க மக்கள் திரண்டார்கள். ஆனால் உறுதிமொழி அட்டை கருவிழியாகிவிடாது. எழுதிக்கொடுத்தவர் எங்கோ ஓரிடத்தில் எப்போதோ இறக்கும்போது, அந்த அட்டை பீரோவுக்குள் இருக்கும். கண் வங்கிக்குப் போன் செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இந்தியக் கண் வங்கிகள் இதை நெடுங்காலம் முன்பே உணர்ந்துதான் மருத்துவமனைகளிலேயே ஆலோசகர்களை அமர்த்தி, மரணம் நிகழ்ந்த அந்த நேரத்தில் வீட்டாரிடம் பக்குவமாகக் கேட்கும் முறைக்கு மாறின. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் நிறுவனத்தின் கண் வங்கி இதற்கு முன்னோடி. புகழாரம் மனத்தைத் திறந்துவைக்கும். கருவிழி கைக்கு வருவது, சரியான நேரத்தில் சரியான ஆள் கேட்பதால்தான். இந்தப் பாடத்தைக் காவல்துறைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

மரபு பற்றியும் ஒரு சொல். கண்தானப் பிரசாரத்தில், சிவனுக்குத் தன் கண்ணைத் தந்த கண்ணப்பரை இழுத்து வராத மேடை இல்லை. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. கண்ணப்பர் உயிரோடு இருந்து வலியோடு தந்தார், இங்கே கொடுப்பவருக்கு இழப்பு ஏதும் இல்லை. இதைவிடப் பொருந்துவது ததீசி முனிவர். அவருடைய எலும்பிலிருந்து இந்திரனின் வஜ்ராயுதம் பிறந்ததாகப் புராணம் சொல்கிறது. சாவித்திரி கானோல்கர் வடிவமைத்த பரம்வீர் சக்கரப் பதக்கத்தில் இருப்பது அந்த வஜ்ராயுதம்தான். நாட்டின் மிக உயர்ந்த போர்வீர விருது ஓர் எலும்புக்கொடையின் சின்னத்தை ஏந்தியிருக்கிறது. அதை மார்பில் அணிகிறவர்களில் எத்தனை பேர் இதை நினைப்பார்கள் என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் நடுகல் இருந்தது. கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் போய் இறந்தவனுக்குக் கல் நட்டு, யார், எங்கே, எதற்காக இறந்தான் என்று பொறித்தார்கள். போரில் இறந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்தார்கள். 2021 நவம்பர் 21ஆம் தேதி விடியுமுன், ஆடு திருடர்களைத் துரத்திப்போன திருச்சி நவல்பட்டுக் காவல்நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் புதுக்கோட்டை மாவட்டத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். அரசு ஒரு கோடி ரூபாய் நிவாரணமும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில் எழுதக்கூடிய மரணம் அது. உதிரப்பட்டியின் வழியில் வந்த உதவி அது. இவை தேவைதான். ஆனால் நடுகல்லின் காலத்தில் இல்லாத ஒரு வாய்ப்பு இன்று இருக்கிறது. அப்படி ஒருவர், திசு கொடுக்க விரும்பியவராக இருந்தால், அந்த இரவு என்ன ஆகும்?

சட்டம் எழுத்தளவில் தெளிவாகவே இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, சட்டரீதியான பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட உடலிலிருந்து, அந்தப் பரிசோதனைக்குத் தேவைப்படாத உறுப்பை எடுக்க அனுமதிக்கிறது. 2011இல் சட்டம் திருத்தப்பட்டுத் திசுவும் அதன் பெயரிலேயே சேர்ந்தது. 2014 விதிகள் இன்னும் ஒருபடி மேலே போயின. மருத்துவமனை நேரடியாகவோ அங்குள்ள புறக்காவல் நிலையம் மூலமாகவோ நிலைய அதிகாரிக்கோ கண்காணிப்பாளருக்கோ எழுத வேண்டும். காவல்துறை உரிய நேரத்தில் எடுக்க உதவ வேண்டும். இறப்புக்கான காரணத்தைக் கண்டறிவதற்குக் குந்தகம் வரக்கூடாது. எடுத்த மருத்துவரின் குறிப்பு பிரேதப் பரிசோதனைக் குறிப்பில் சேர வேண்டும். முடிந்தால் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரை, அலுவலக நேரம் கடந்தும், உடன் இருக்கச் சொல்ல வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் உடற்கொடைச் சட்ட மாதிரியின் 2006 வடிவமும் மரண விசாரணை மருத்துவர் கொடைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. இறந்தவர் முன்பே பதிவு செய்திருந்தால் வீட்டார் அதை மாற்றவும் அங்கே இடமில்லை. நம்மிடம் நடைமுறையில் வீட்டார் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் நகராது.

சிக்கல் தொடங்குவது இரவில். 2021 நவம்பர் 15ஆம் தேதி, நவல்பட்டுச் சம்பவத்துக்கு ஆறே நாள் முன்பு, மத்திய சுகாதார அமைச்சகம் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று அறிவித்தது. உறுப்புக்கொடையை முன்னிட்டே அந்த மாற்றம் வந்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு, சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலொழிய, இந்தச் சலுகை இல்லை. பணியில் கொல்லப்படும் காவலர் இந்த விலக்கின் நடுவில்தான் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கு இறந்தவரின் பிரேதப் பரிசோதனை காலையில் நடக்கும். அதற்குள் கருவிழிக்கான நேரம் முடிந்திருக்கும். இதைப் படித்துவிட்டுச் சட்டமே தடை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது அவசர முடிவாகப் படுகிறது. இரவில் செய்யக்கூடாது என்று அறிவிப்பு சொல்வது பிரேதப் பரிசோதனையை. இருபது நிமிடத்தில் முடியும் கருவிழி எடுப்பதை அல்ல. 2014 விதிகளின் நடைமுறை, எடுப்பது முன்னும் பிரேதப் பரிசோதனை பின்னும் நடக்கலாம் என்ற அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. கண்களுக்குக் காயம் இல்லை, சாவுக்கான காரணம் வேறு என்று மருத்துவரும் விசாரணை அதிகாரியும் குறித்துவைத்தால் போதும். ஆனால் பிணவறை வாசலில் காவலுக்கு நிற்கும் தலைமைக் காவலருக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்த பாதுகாப்பான விடை ஒன்றுதான்: "போஸ்ட்மார்ட்டம் முடியட்டும்." அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. பின்னால் வழக்கு கெட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கருவிழி வீணானதற்கு அவரை யாரும் கேட்கப் போவதில்லை.

இங்கே வரும் எதிர்ப்பு வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. காவலரைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித் தருவதுதான் அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு சிறு ஓட்டை கிடைத்தாலும் கொடை என்ற பெயரில் கொலைகாரன் தப்பிவிடுவான் என்பார்கள். போல்டர் வழக்கில் அப்படி ஆகவில்லை. 2024 செப்டம்பரில் பத்துக் கொலைகளுக்கும் குற்றம் நிரூபணமாகி ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் இதைப் பெரிய சான்றாக நான் காட்டப் போவதில்லை, ஏனென்றால் அங்கே யார் சுட்டது, எதனால் இறந்தார்கள் என்பதில் சர்ச்சையே இல்லை. சுட்டவனின் மனநிலைதான் விவாதப்பொருளாக இருந்தது. சிக்கலான வழக்குகளும் உண்டு. கழுத்தை நெரித்துக் கொன்றதாகச் சந்தேகம் இருந்தால் கண்ணில் தெரியும் நுண்ணிய ரத்தப் புள்ளிகள் சாட்சியம். அங்கே கண்ணைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதுவே முடிவு. மார்பில் வெட்டு விழுந்தவரிடம் இதய வால்வைக் கேட்பது முறையல்ல. நான் கேட்பது கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் அனுமதி அல்ல. ஒவ்வொரு உடலையும் பார்த்து, எது சாட்சியம், எது சாட்சியம் அல்ல என்று அந்த இரவிலேயே முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவருக்கு இருக்க வேண்டும். காலை வரை முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கு மட்டும் யாரும் கையெழுத்திடுவதில்லை.

உடல் சிதையும் என்ற அச்சம் அடுத்தது. அரசு மரியாதைக்கு வைக்கப்படும் உடல் பலர் பார்க்கும் உடல். சீருடை போட்டு முகம் திறந்து வைப்பார்கள். தோலை எடுப்பது என்றால் உரித்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எடுப்பது முதுகு, தொடை, கால் ஆகிய இடங்களில் மேலடுக்கின் மெல்லிய படலம், சீருடைக்குள் மறைந்துவிடும். எலும்பு எடுத்த இடத்தில் அதே அளவில் மாற்றுத் தண்டு வைத்துத் தைத்து வடிவம் காக்கிறார்கள். உண்மையில் பிரேதப் பரிசோதனையே இதைவிடப் பெரிய அறுவை. அதை மறுக்க முடியாது என்பதால் ஏற்றுக்கொள்கிறோம், இதை மறுக்கலாம் என்பதால் தயங்குகிறோம். மதம் குறுக்கே நிற்கும் என்ற பேச்சுக்கு இலங்கை ஒரு பதில். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், தானம் என்ற பௌத்த நெறியை வைத்தே நாட்டு மக்களிடம் பேசி, வெளிநாடுகளுக்கும் கருவிழிகளை அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது.

மூன்றாவது எதிர்ப்பு வணிகம் பற்றியது. இது அமெரிக்காவில் உண்மையான புண். உறுப்பை விற்பதை 1984ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. ஆனால் எடுத்தல், பதப்படுத்தல், சேமித்தல் ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்கலாம். எலும்பும் தோலும் நிறுவனங்களின் கைக்குப் போய்ப் பதனிட்ட பொருளாக விற்பனைக்கு வருகின்றன. 2005இல் அம்பலமான ஒரு வழக்கில், நியூ ஜெர்சியிலிருந்து இயங்கிய நிறுவனம் ஒன்று ஈமச்சடங்கு நிலையங்களில் இருந்த உடல்களிலிருந்து அனுமதியின்றி எலும்புகளை எடுத்து விற்றது தெரியவந்தது. புகழ்பெற்ற ஒலிபரப்பாளர் அலிஸ்டர் குக்கின் உடலும் அதில் தப்பவில்லை. இப்படி ஒரு பின்னணியில் கொடையாளரைப் போற்றும் விழா, பின்னால் நடக்கும் வியாபாரத்துக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? ஆகும், விழா மட்டும் நடந்து கணக்கு வெளிவராமல் இருந்தால். அதனால்தான் மரியாதையின் ஒரு பகுதி தகவல் என்கிறேன். கொடுத்த திசு எங்கே போனது, பயன்பட்டதா இல்லையா என்று பெறுபவரின் அடையாளம் வெளியாகாமலே வீட்டாருக்குச் சொல்லலாம். ஒரு திசுக்கொடையாளரால் எழுபத்தைந்து பேர் வரை பயனடையலாம் என்று அமெரிக்கப் பிரசுரங்கள் சொல்கின்றன. அது உச்ச எல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த எண்ணைச் சொல்வது நேர்மையல்ல. டாலி வீட்டுக்குச் சொன்னது இரண்டு என்ற எண். அந்த இரண்டுக்கு இருக்கும் எடை எழுபத்தைந்துக்கு இல்லை.

கடைசியாக, காவல்துறையின் பெயர் பற்றிய சங்கடம். 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டும் தமிழ்நாட்டில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலர்களின் கையில் இறந்த பிறகு, காவலரின் கொடையைப் பெரிதாகப் பேசுவது துறையின் கறையைக் கழுவும் முயற்சி என்று சந்தேகப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சீருடைக்காக ஒரு கொடை கூடுதலாக மதிக்கப்பட்டால், சாலை விபத்தில் இறந்து கண் கொடுத்த கட்டிடத் தொழிலாளியின் கொடை எதில் குறைந்தது என்ற கேள்வியும் வரும். எதிலும் குறையவில்லை. அதனால்தான் இரண்டு மரியாதைகளையும் பிரித்து வைக்கச் சொல்கிறேன். பணியில் இறந்ததற்கு அக்டோபர் 21இல் பெயர் வாசிக்கப்படட்டும். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் இறந்த பத்துக் காவலர்களை நினைத்துத் தொடங்கிய நாள் அது. கொடைக்கான மரியாதை, இறந்தவரின் பதவியைப் பாராமல் எல்லாக் கொடையாளருக்கும் ஒன்றாக இருக்கட்டும், கண் மட்டும் கொடுத்தவரும் அதில் சேரட்டும்.

அந்த ஒரே அளவு மரியாதையில் காவல்துறைக்கென்று தனியாக ஒரு வேலை இருக்கிறது, மற்ற எந்தத் துறையும் செய்ய முடியாத வேலை. தமிழ்நாட்டில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2008இல் சென்னையில் ஒரு சிறுவனின் இதயத்தைச் சாலையை ஒழுங்குபடுத்திப் பதினொரு நிமிடத்தில் மறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனது போக்குவரத்துக் காவல்துறைதான். அந்தச் சம்பவத்தின் பாதிப்பில் மலையாளத்தில் 'டிராஃபிக்'கும் தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' படமும் வந்தன. அதே ஆண்டு வந்த அரசாணைகள் மூளைச்சாவு அறிவிப்பையும் பிரேதப் பரிசோதனை நடைமுறையையும் ஒழுங்குபடுத்தின. இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தில் மாநிலம் முன்னுக்கு வந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. சாலையில் காட்டிய வேகத்தைப் பிணவறை வாசலில் காட்ட வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு அரசு மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்திலும் கண் வங்கியின் எண்ணும் 2014 விதிகளின் அந்தப் பகுதியும் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிரேத விசாரணைப் படிவத்தில், திசுக்கொடை பற்றி வீட்டார் கேட்டார்களா, எத்தனை மணிக்குக் கேட்டார்கள், எத்தனை மணிக்கு அனுமதி தரப்பட்டது அல்லது என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்று நான்கு வரி சேர்க்க வேண்டும். இரவில் முடிவெடுக்க மாவட்டத்துக்கு ஓர் உயர் அதிகாரி பெயர் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். காவலர் பயிற்சிப் பள்ளியில் சேரும் புதியவரிடம், வாரிசு நியமனப் படிவம் நிரப்பும்போதே, கொடை விருப்பத்தையும் கேட்டுப் பணிப்பதிவேட்டில் எழுதிவைக்கலாம். வேண்டாம் என்று சொல்கிறவரிடம் இரண்டாம் முறை கேட்கக்கூடாது; உயர் அதிகாரி எதிரில் கேட்கவும் கூடாது, சீருடைப் பணியில் கேள்விக்கும் கட்டளைக்கும் இடைவெளி குறைவு. ஒரு காவலருக்காக இவற்றைச் சரிசெய்யும் மாவட்டத்தில், அதே வாரம் அதே பிணவறைக்கு வரும் விபத்துச் சாவுகளின் வீட்டாருக்கும் அதே பதில் கிடைக்கும்.